தொடர் வெற்றியைச் சந்தேகிப்பவரிடம் வாதாடுவது எப்படி: கூடைப்பந்து ரசிகருக்கு முழுமையான வழிகாட்டி

உங்கள் அணி பத்து, பன்னிரண்டு ஆட்டங்களாகத் தோற்கவில்லை. சாயங்காலம் கோர்ட்டுக்குப் போகிறீர்கள். ஷூ லேஸைக் கட்டி முடிப்பதற்குள் ஒருத்தன் ஆரம்பிக்கிறான்: "இன்னா மச்சி, நாலு சோப்ளாங்கி டீமை அட்ச்சிட்டு இவ்ளோ உதாரா?"

புதிதாக வாதத்துக்கு வருபவர்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். முதலில் குரல் ஏறும். பிறகு ஸ்கோரையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கடைசியில் வாய் தவறி "கப்பு எங்களுக்குத்தான்டா" என்று விட்டுவிடுவார்கள். கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த ஒரு வரியை வைத்தே அவர்களைக் கலாய்ப்பார்கள்.

தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கத்து கோர்ட்டுகளில் ஆடிக்கொண்டு, என்பிஏ (அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்) பார்க்கும் பையன்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உள்ளூர் அணிக்காக வாதாடுகிறவர்களுக்கு 6ஆம் படி. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முதல் மூன்று படிகளும் எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே வீட்டில் முடித்திருக்க வேண்டியவை.

முன்கூட்டியே வேண்டியவை

ஒரு நோட்டு, அல்லது போனில் ஒரு குறிப்பு. தொடரில் உள்ள ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் இவை இருக்க வேண்டும்: எதிரணி, சொந்த ஊரா வெளியூரா, இறுதி வித்தியாசம், மூன்றாம் குவார்ட்டர் முடிவில் இருந்த வித்தியாசம், அவர்கள் பக்கம் யார் ஆடவில்லை, நம் பக்கம் யார் ஆடவில்லை, முந்தைய இரவு யாருக்காவது ஆட்டம் இருந்ததா, எதிரணியின் த்ரீ பாயின்டர் (தூரத்திலிருந்து போட்டு மூன்று புள்ளி எடுக்கும் ஷாட்) சதவீதம்.

எல்லாமே என்பிஏ தளத்தின் பாக்ஸ் ஸ்கோரிலும் (ஆட்ட விவரப் பட்டியல்) அட்டவணையிலும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ரீல்ஸ் பார்த்து எழுதாதீர்கள். ரீல்ஸில் டங்க் மட்டும்தான் வரும், தவறவிட்ட ஷாட் வராது.

முடிந்தால் சில ஆட்டங்களையாவது முழுதாகப் பாருங்கள். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் நமக்குக் காலை 5.30. மேற்குக் கரையில் இரவு 7.30 என்றால் நமக்குக் காலை 9. வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்குக் கிழக்குக் கரைதான் சௌகரியம். "மேட்ச் பாத்தியா, இல்ல ஸ்கோர் மட்டும் பாத்தியா?" என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்கு நேர்மையான பதில் ஒன்று கையில் இருக்கட்டும்.

1. எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள்

சுலபமான வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் பாதி வாதங்கள் இதிலேயே விழுகின்றன. எந்த ஆட்டத்தைச் சேர்க்கிறீர்கள், எதைச் சேர்க்கவில்லை?

ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரிலிருந்து 2025 ஜனவரி 5 வரை தொடர்ந்து 15 வெற்றி. ஆனால் நடுவில், டிசம்பர் 17 அன்று, என்பிஏ கப் இறுதியாட்டத்தில் மில்வாக்கியிடம் 97-81 என்று தோற்றார்கள். இந்தக் கப் சீசன் நடுவில் வரும் தனிப் போட்டி, சீசன் முடிவில் வெல்லும் கோப்பை வேறு. கப் இறுதியாட்டம் ரெகுலர் சீசன் கணக்கில் சேராது. அதனால் அதிகாரபூர்வமாக 15 சரிதான். இதை நீங்கள் சொல்லாமல் எதிராளி சொன்னால் நீங்கள் மறைத்ததாக ஆகிவிடும். நீங்களே முதலில் சொன்னால் அது வெறும் விதிமுறை விளக்கம்.

இன்னொரு சிக்கல் இரண்டு சீசன்களை ஒட்டுவது. கோல்டன் ஸ்டேட் 2015-16 சீசனை 24-0 என்று தொடங்கியது. முந்தைய சீசனின் கடைசி 4 வெற்றிகளையும் சேர்த்தால் 28. இரண்டுமே உண்மை. ஆனால் காலையில் 24 என்றும் சாயங்காலம் 28 என்றும் சொன்னால் டுபாக்கூர் பட்டம்தான் கிடைக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். என்னைக் கேட்டால் ஒரே சீசன் கணக்குதான் பாதுகாப்பு. நடுவில் ஆட்கள் மாறியிருப்பார்கள் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

வியாசர்பாடி பக்கத்து ஃபுட்பால் அண்ணன்களிடம் பேசும்போது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசும் 'தோற்காத ஓட்டத்தில்' டிராவும் உண்டு. இங்கே டிரா கிடையாது. சமன் ஆனால் ஐந்து நிமிட ஓவர்டைம், அதிலும் சமன் என்றால் இன்னொரு ஐந்து நிமிடம். ஆக 15 என்றால் 15 முறையும் ஜெயித்தே ஆகியிருக்க வேண்டும்.

2. எதற்காக வாதாடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

மூன்று வேறு வேறு கூற்றுகள் உண்டு. ஒன்று, இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு, இது நல்ல அணி. மூன்று, இந்த அணி கோப்பையை வெல்லும். புதியவர்கள் முதலாவதில் ஆரம்பித்துத் தெரியாமலே மூன்றாவதுக்குத் தாவிவிடுவார்கள். எதிராளிக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் மூன்றாவதை உடைப்பது சுலபம்.

எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். ஹூஸ்டன் 2007-08இல் தொடர்ந்து 22 ஜெயித்தது, பிளேஆஃப் (ரெகுலர் சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் நாலு ஆட்டம் ஜெயிப்பவர் முன்னேறுவார்) முதல் சுற்றிலேயே யூட்டாவிடம் 4-2 என்று தோற்றது. அட்லாண்டா 2014-15இல் தொடர்ந்து 19, கிழக்குப் பிரிவு இறுதியில் கிளீவ்லண்டிடம் 4-0 தோல்வி. கோல்டன் ஸ்டேட் அந்த 24-0 சீசனை 73-9 என்று முடித்து, ஃபைனலில் 3-1 என்று முன்னால் இருந்தும் 4-3 என்று விட்டது. கிளீவ்லண்ட் 2024-25இல் 15-0 என்று தொடங்கியது, அதே சீசனில் பிறகு தொடர்ந்து 16 ஜெயித்தது, இரண்டாம் சுற்றில் இந்தியானாவிடம் 4-1 என்று தோற்றது.

மறுபக்கமும் உண்டு. 33 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து இன்றுவரை சாதனையை வைத்திருக்கும் 1971-72 லேக்கர்ஸும், 27 ஜெயித்த 2012-13 மயாமியும் அந்தந்த ஆண்டே கோப்பையை எடுத்தார்கள். ஆனால் இரண்டைச் சொன்னால் அவன் நான்கைச் சொல்வான். அந்தச் சந்தைக்கே போகாதீர்கள்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "இந்தத் தொடர் அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்ததில்லை." அவ்வளவுதான். கோப்பைப் பேச்சு வந்தால் "அத ஜூன்ல பேசலாம்" என்று சொல்லிவிட்டு இந்த வரிக்கே திரும்புங்கள்.

3. உங்கள் தொடரை நீங்களே போட்டு உடையுங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. எதிராளி செய்யப்போவதை நீங்களே முதலில் செய்து பார்க்கிறீர்கள்.

வித்தியாசம். சராசரியை எடுக்காதீர்கள். ஒரே ஒரு 40 புள்ளி வெற்றி மொத்தச் சராசரியையும் தூக்கிவிடும். வித்தியாசங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். அது 10க்கு மேல் இருந்தால் தெம்பாகப் பேசலாம். 4, 5 என்றால் அடக்கி வாசியுங்கள்.

மூன்றாம் குவார்ட்டர் வித்தியாசத்தை எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். 25 புள்ளி முன்னால் போய்விட்டால் கோச் முக்கிய ஆட்களை உட்காரவைத்துவிடுவார். பெஞ்ச் ஆட்கள் ஆடி 12இல் முடியும். ஸ்கோரை மட்டும் பார்த்தவன் "பன்னெண்டுதானே" என்பான். உங்கள் நோட்டில் 25 இருக்கும்.

நெருக்கமான ஆட்டங்கள். கடைசி 5 நிமிடத்தில் வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருந்தால் அதை என்பிஏ 'கிளட்ச்' கணக்கில் வைக்கிறது. உங்கள் தொடரில் அப்படி எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் தொடர் மெலிசு. அந்த மாதிரி ஆட்டங்களில் ஒரு ஃப்ரீ த்ரோ, ஒரு விசில் முடிவைத் திருப்பிவிடும். இந்த வருடம் அவற்றை அள்ளும் அணி அடுத்த வருடமும் அள்ளும் என்று சொல்ல முடியாது.

எதிரணியின் த்ரீ பாயின்டர். இதைப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு, ஆனால் எனக்குப் பிடித்த சோதனை இதுதான். எதிரணி எத்தனை த்ரீ எடுக்கிறது என்பதில் உங்கள் தடுப்பாட்டத்துக்குப் பங்கு உண்டு. எடுத்ததில் எத்தனை விழுகிறது என்பதில் பங்கு குறைவு. ஆள் இல்லாமல் நின்று அடிக்கும் ஷாட்டும் சில ராத்திரி விழாது. கணக்குப் போடுங்கள்: வழக்கமாக 36 சதவீதம் போடும் அணி உங்களிடம் 30 சதவீதம் போட்டால், 35 முயற்சியில் இரண்டு ஷாட் குறைகிறது. அது 6 புள்ளி. நீங்கள் 5 புள்ளியில் ஜெயித்த ஆட்டமாக இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

ஓய்வு. அடுத்தடுத்த நாள் ஆடும் அணி களைத்திருக்கும். கோல்டன் ஸ்டேட்டின் அந்த 24-0 எங்கே முடிந்தது? 2015 டிசம்பர் 11 அன்று பாஸ்டனில் இரண்டு ஓவர்டைம் ஆடி 124-119 ஜெயித்தார்கள். மறுநாளே மில்வாக்கியில் 108-95 தோல்வி. அதே மாதிரி களைத்து வந்த அணிகளை நீங்கள் எத்தனை முறை பிடித்தீர்கள் என்றும் பாருங்கள். உங்கள் அணியே களைத்துப்போய் ஆடி ஜெயித்திருந்தால் அதற்கு அடியில் கோடு போடுங்கள். அது உங்கள் சரக்கு.

யார் இல்லை. எதிரணியில் ஆடாதவர்களை மட்டும் எழுதி, தன் அணியில் ஆடாதவரை விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. ஹூஸ்டனின் 22இல் முதல் 12 முடிந்ததுமே அணியின் நட்சத்திரம் யாவ் மிங் கால் காயத்தால் அந்த சீசனை விட்டே வெளியேறினார். மீதி 10 வெற்றியும் அவர் இல்லாமல் வந்தவை. முதல் சுற்றில் தோற்றதை வைத்து அந்த அணியைக் கேலி செய்பவன் இதைச் சொல்லவே மாட்டான். சொல்ல வேண்டியது ஹூஸ்டன் ரசிகர்தான்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு, மனதில் வைத்துக்கொள்ள. ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி என்று வைத்தால், குறிப்பிட்ட 10 ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயிக்க 1,024இல் ஒரு வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் 60 சதவீத வாய்ப்பு உள்ள அணிக்குச் சுமார் 165இல் ஒன்று. 80 சதவீதம் என்றால் சுமார் 9இல் ஒன்று. அதாவது சுமாரான அணி அதிர்ஷ்டத்தால் மட்டும் 10 ஜெயிப்பது ரொம்ப அபூர்வம். ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு பிடி இருக்கிறது. 82 ஆட்ட சீசனில் பத்தாட்டத் தொடர் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், லீகில் 30 அணிகள் வேறு. அதனால் எங்கோ, யாருக்கோ ஒரு தொடர் அமைவது அவ்வளவு அபூர்வமில்லை. கணக்கு தெரிந்தவன் எதிரில் இருந்தால் இதைக் கேட்பான். அவனுக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

4. பலவீனத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள்

இப்போதுதான் கோர்ட்டுக்கு வருகிறீர்கள். வாய் திறந்ததும் பெருமையைக் கொட்டாதீர்கள். நோட்டில் கேள்விக்குறி போட்ட ஆட்டங்களை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்: "பதினாலுல மூணு ஓசி வின்னு, நானே சொல்றேன். மீதி பதினொண்ணப் பத்தி பேசு."

எதிராளி அந்த மூன்றை வைத்துத்தான் வந்திருப்பான். அது கையை விட்டுப் போனதும் மீதியைப் பற்றிப் பேச அவனிடம் சரக்கு இருக்காது. சுற்றி நிற்பவர்களும் உங்களை நேர்மையானவராகப் பார்க்க ஆரம்பிப்பார்கள். வாதத்தில் பாதித் தீர்ப்பு அவர்களுடையதுதான்.

மயாமி தொடரில் ஒரு ஆட்டம் இதற்கு நல்ல பாடம். 2013 மார்ச் 20, கிளீவ்லண்டில். 27 புள்ளி பின்னால் இருந்து எழுந்து 98-95 என்று ஜெயித்தார்கள். அன்றைய மயாமி நட்சத்திரம் லெப்ரானின் ரசிகர்கள் இன்றும் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். எனக்கு அது உறுத்தும். எதிரே இருந்தது அந்த சீசன் முழுக்க 24 மட்டுமே ஜெயித்த அணி, அவர்களுடைய நட்சத்திரம் கைரி இர்விங்கும் அன்று ஆடவில்லை. சந்தேகப்படுபவன் கையில் நாமாகவே கொடுக்கும் கல் அது. பெருமைப் பட்டியலில் வைக்காமல், ஒத்துக்கொள்ளும் பட்டியலில் வைத்தால்தான் மீதி 26க்கு மரியாதை.

5. வழக்கமாக வரும் நாலு அடிகள்

"சோப்ளாங்கி டீமுங்கதானே?" பெயர் சொல்லச் சொல்லுங்கள். எந்தெந்த அணி? பெரும்பாலும் இரண்டுக்கு மேல் வராது. நீங்கள் நோட்டைத் திறந்து, பாதிக்கு மேல் வெற்றி வைத்திருந்த அணிகளை மட்டும் படியுங்கள். நிஜமாகவே பெரும்பாலும் அடிமட்ட அணிகள் என்றால் வித்தியாசத்துக்குப் போங்கள். சோப்ளாங்கியை 20இல் அடிப்பதும் 2இல் தப்பிப்பதும் ஒன்றில்லை. 2024-25 சீசன் முழுக்கத் தண்டர் அணியின் சராசரி வித்தியாசம் 12.9, என்பிஏ வரலாற்றிலேயே அதிகம். அந்தத் தொடருக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது.

"அவனுங்க மெயின் பிளேயரே இல்ல." இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள், உடனே உங்கள் பக்கம் இல்லாதவரைச் சொல்லுங்கள். அடுத்ததாக, ஆள் முழுசாக வந்த ஆட்டங்களை மட்டும் பிரித்து எண்ணிக் காட்டுங்கள். அந்தத் தனி எண்ணிக்கைதான் இங்கே பதில். "எல்லா டீமுக்கும்தான் காயம்" என்பது பதில் இல்லை, மழுப்பல்.

"ரெஃபரி உங்க ஆளு." இதில் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். கடைசி நேரம் நெருக்கமாகப் போன ஆட்டங்களுக்கு, கடைசி இரண்டு நிமிட விசில்களைப் பற்றி என்பிஏவே அறிக்கை வெளியிடுகிறது. எந்த ஆட்டம் என்று கேட்டு, அதைத் திறந்து இருவரும் சேர்ந்து படியுங்கள். ஆட்டத்தின் பெயர் சொல்லாமல் பொதுவாகத் திட்டுபவனுக்குப் பதில் தேவையில்லை.

"பிளேஆஃப்ல பாக்கலாம்." இது 2ஆம் படியில் தடுத்துவைத்த பொறி. "சரி, பாக்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: யாரிடம் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தொனி மாற வேண்டும். கூட ஆடும் பையனிடம் "ஏய், நோட்ட பாரு" என்பது சரி. ஐசிஎஃப், ரயில்வே அணிகளின் ஆட்டத்தைப் பல காலமாகப் பார்த்துவரும் பெரியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "அந்தக் காலத்துல இப்டி த்ரீ த்ரீயா போடமாட்டாங்க, உள்ள பூந்து ஆடுவாங்க" என்றால், அவரிடம் சதவீதம் பேசாதீர்கள். "ண்ணா, இந்த டீமோட டிஃபன்ஸ் மட்டும் ஒரு குவார்ட்டர் பாருங்கண்ணா" என்று போனை அவர் கையில் கொடுங்கள். அவருக்குக் காலாட்டம், கை வைக்கும் இடம், ரீபவுண்டுக்கு ஆளை மறிப்பது எல்லாம் உங்களைவிட நன்றாகத் தெரியும். பிடித்துவிட்டால் அடுத்த வாரம் உங்களுக்காக அவரே வாதாடுவார்.

6. உள்ளூர் அணியின் தொடர் என்றால்

இங்கே பாக்ஸ் ஸ்கோர் கிடையாது, அதனால் ஆதாரத்தை நீங்களே உருவாக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்துவிடுங்கள், இரண்டு அணிப் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, அவரவர் ஒரு ஸ்கோர் சொல்வார்கள்.

அடிக்கடி வெடிக்கும் சண்டை வாக்ஓவர். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேரைக் களமிறக்க முடியாத அணி, ஃபிபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி 20-0 என்று தோற்றதாகப் பதிவாகும். புள்ளிப் பட்டியலில் அது வெற்றிதான். ஆனால் வாதத்தில் அதைச் சேர்க்காதீர்கள். "பத்து ஜெயிச்சோம், ஒண்ணு வாக்ஓவர், ஆடினது ஒம்போது" என்றே சொல்லுங்கள்.

அடுத்தது கெஸ்ட் பிளேயர். வெளியிலிருந்து ஒரு நல்ல ஆளைக் கூட்டிவந்து இரண்டு டோர்னமென்ட் அடித்துவிட்டு அதை ஏரியா அணியின் தொடர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஆட்டங்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கடலோரத்து வெளிக் கோர்ட் என்றால் காற்றையும் குறியுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் சாயங்காலக் கடல்காற்றில் தூரத்து ஷாட் நகர்ந்துவிடும். அங்கேயே தினமும் ஆடுகிறவர்கள் காற்றுக்கேற்பப் பந்தை விடப் பழகியிருப்பார்கள், வெளி அணிக்கு அது வராது. அந்த வெற்றிகளைச் சொந்த மண் வெற்றி என்றே காட்டுங்கள். கூரைபோட்ட அரங்கில் ஜெயித்தவற்றைத் தனியாகக் காட்டினால் பேச்சுக்கு எடை கூடும்.

7. பந்தயம்

அத்தோ (பர்மா நூடுல்ஸ்), மசாலா முட்டை, டீ. அதற்கு மேல் வேண்டாம். அதுவும் அடுத்த ஆட்டத்தின் மீது மட்டும், 'இன்னும் எத்தனை ஆட்டம்' என்பதன் மீது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் 80 சதவீத வாய்ப்பு உள்ள அணியே அடுத்த ஐந்தையும் ஜெயிக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். கலாய்ப்பவனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் உங்களை ஐந்துக்குத்தான் இழுப்பான்.

8. தொடர் முடியும் நாள்

அன்று கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் புதியவர்கள் செய்யும் கடைசித் தப்பு. இரண்டு நாள் கழித்து வந்தால் கேலி இரண்டு மடங்கு. அன்றே போங்கள், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போங்கள்.

தோற்ற ஆட்டத்தையும் அதே நோட்டில், அதே பத்திகளோடு எழுதியிருக்க வேண்டும். யார் இல்லை, முந்தைய இரவு ஆட்டம் உண்டா, எதிரணி எத்தனை த்ரீ போட்டது, எல்லாம். காரணம் இருந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். வெற்றிகளில் எந்தக் காரணங்களை நீங்கள் ஒத்துக்கொண்டீர்களோ, அதே காரணங்களை மட்டுமே தோல்விக்கும் சொல்லலாம். ஜெயித்தபோது எதிரணியின் களைப்பைக் கணக்கில் எடுக்காதவர், தோற்றதும் தன் அணிக்குக் களைப்பு என்றால் அடுத்த சீசன் வரை யாரும் அவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

பிறகு நோட்டில் புதுப் பக்கம். அடுத்த ஆட்டம் யாரோடு, எங்கே, நம் நேரத்துக்கு எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். யாராவது "இப்ப இன்னா சொல்ற?" என்று கேட்டால் "பதினாலு ஜெயிச்சோம், ஒண்ணு தோத்தோம். டீம் பிரி, ஆடலாம்."